ஒரு கட்டுரை பாக்கி

மர மில் ஆட்களுக்கு அந்த அம்மா ஒரு கட்டுரை பாக்கி. பாக்கி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்லூரி வாசலில் ஒற்றைப் பழைய மிஷினோடு ஜெராக்ஸ் கடை போட்டவன் நான். இன்றைக்கு இரண்டு கடைக்கு முதலாளி. வசூலிக்கத் தெரியாதவன் அந்த இடத்துக்கு வர முடியாது. ஆனால் கட்டுரை பாக்கி வைத்த ஆள் என்று இவரைத்தான் பார்த்தேன். கேட்டு யாரும் இவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. இவருக்குத்தான் தூக்கம் போயிருந்தது.

சாயங்காலம் கல்லூரி விட்டதும் வருவார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஓரத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எப்போதும் ஓர் ஆய்விதழின் இணையதளத்தில் ஒரே பக்கத்தைத் திறப்பார். மேலே கட்டுரையின் தலைப்பு, அதற்குக் கீழே இவர் பெயர், அதற்கும் கீழே ஒரு பத்தி. அந்தப் பத்தி முடிகிற இடத்தில் எழுத்து மெல்ல வெளுத்து, பனிக்குள் போகிற ஆள் மாதிரி மறைந்துவிடும். அடியில் ஒரு கட்டம். கட்டத்துக்குள், மீதியைப் படிக்க விலை.

"இன்னிக்கும் பூட்டிதான் இருக்குண்ணே" என்பார். அவ்வளவுதான் வேலை. கம்ப்யூட்டருக்கு உண்டான சில்லறையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துகொள்வார். நானும் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொள்வேன். கடை கடைதான்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "உங்ககிட்டதான் அது முழுசா இருக்கே டீச்சரம்மா. தினம் வந்து இந்த மொட்டைப் பக்கத்தை எதுக்குப் பாக்கறீங்க?"

"எனக்கு இருக்கு. மில்லு ரம்பக்காரருக்கு இல்லையே. அவரு தேடினா எப்படித் தெரியும்னு பாக்கறேன்."

எதிர்க் கல்லூரியில் செவித்திறன் படிப்புக்கு ஆசிரியை. காது டீச்சர் என்று பெயர் வைத்தது மர மில்தான். பேசும்போது எதிராளியின் முகத்துக்கு நேரே வந்து நின்றுகொள்வார். நீங்கள் திரும்பினால் அவரும் சுற்றிக்கொண்டு வருவார். காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பதற்காகப் பழகின பழக்கம். எனக்கு இந்த வயதிலும் தெருக்கோடியில் காசு விழுந்தால் கேட்கும். இருந்தாலும் என்னிடமும் அப்படித்தான். பேப்பர் அடுக்கிலிருந்து நான் மிஷினுக்கும் மிஷினிலிருந்து பைண்டிங் மேசைக்கும் நடக்க, இவர் என் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே பேசுவார். டோனர் டப்பாவில் இடித்துக்கொள்வார்.

மில் லீவு விடுகிற நாளில் ரம்பம் ஓடாது. அந்த நாட்களில்தான் இவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனார். பலகை அடுக்கும் கிட்டங்கியின் மூலையில் ஸ்டூல் போட்டு, ஒவ்வொருவராக உட்காரவைத்து, இரண்டு காதிலும் கருவியை மாட்டி, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்பாராம். தடித்த சத்தத்துக்கு விரல் டக்கென்று எழும்பும். சத்தம் சன்னமாகச் சன்னமாக விரல் தொடையிலேயே கிடக்கும். "ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்பார்களாம். எல்லாம் முடிந்திருக்கும். மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்து எடுத்த கணக்கு அது.

சோதனைக்கு உட்காருவதற்கு முன்னால் மில்லில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். போட்டவர் பெரிய ரம்பத்தில் நிற்கிற மூத்த ஆள். ரம்பக்காரர் என்றால் அங்கே அவர்தான். "எங்களைப் பத்தி என்ன எழுதறீங்களோ அதை எங்க கையிலயும் ஒண்ணு குடுக்கணும் டீச்சர். எங்க காதைப் பத்தி ஊரெல்லாம் படிச்சு, எங்களுக்கு மட்டும் தெரியாமப் போயிடக் கூடாது."

"கண்டிப்பா" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்தான் பாக்கி.

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஆய்விதழிலிருந்து தகவல் வந்த அன்று இவர் என் கடையில்தான் இருந்தார். நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். கணவருக்கு போன் போட்டு, "எடுத்துக்கிட்டாங்க, எடுத்துக்கிட்டாங்க" என்றார். மகளுக்கும் போட்டார். தகவலோடு ஒரு படிவம் வந்திருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவன் நான். பேனா கொடுத்தவனும் நான். சந்தோஷத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கட்டுரையின் பதிப்புரிமை மொத்தமும் இதழ் நடத்துகிற கம்பெனிக்குப் போகிறது என்று அதில் இருந்தது.

பிற்பாடு அதைச் சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொள்வார். "எங்க காலேஜ் ஆளுங்க யாருமே படிக்க மாட்டாங்கண்ணே. அச்சுல வந்தா போதும்னு இருக்கும். வந்தாதான் வேலை நிலைக்கும், சம்பளம் ஏறும். தாலுக்கா ஆபீஸ்ல பத்திரம்னா நாலு தடவை படிப்போம். இதுக்கு யாரு படிப்பா?"

கட்டுரை வெளிவந்ததும் மில் ஆட்களுக்கென்று நகல் எடுக்க ஓடி வந்தார். மிஷினில் வைத்து நான் பொத்தானை அமுக்கினேன். பக்கம் சூடாக வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தவர் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்துவிட்டார். அனுமதி இல்லாமல் நகலெடுக்கவோ வினியோகிக்கவோ கூடாது என்று இருந்தது.

"மிஷினை நிறுத்துங்க."

"டீச்சரம்மா, இந்த மிஷின் முழுங்காத புத்தகமா? எந்தக் கம்பெனிக்காரன் இங்க வந்து எட்டிப் பாத்தான்?"

"அடுத்தவங்க எழுதினதை நீங்க என்ன பண்றீங்கன்னு நான் கேக்கலை. இதுல கையெழுத்து என்னுது."

வந்து விழுந்தவற்றைக் கிழித்து, கிழித்ததைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அனுமதி கேட்டு கம்பெனிக்கு எழுதினார். கொடுக்கலாம், ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு கட்டணம் என்று பதில் வந்தது. அதில் இன்னொரு வழியும் சொல்லியிருந்தார்கள்: எழுதினவரே ஒரு தொகை கட்டினால் உலகத்துக்கே திறந்துவிடுவார்களாம். கேட்ட தொகைக்கு நான் எனக்கொரு கலர் மிஷின் வாங்கிவிடுவேன், மீதியில் பேப்பரும் வாங்குவேன். இவர் வீட்டுக்காரர் வாய்த் துடுக்கு. "மில் ஆளுங்களுக்கு உன் கட்டுரையை வாங்கிக் குடுக்கணும்னா மில்லைத்தான் விக்கணும்" என்றாராம். சொல்லிவிட்டு இவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்றாவது ஒரு வழி இருந்தது. கம்பெனி திருத்தி அழகுபடுத்தி அச்சிட்டதைத்தான் கொடுக்கக் கூடாதாம். அதற்கு முந்தின நிலையில், எழுதினவர் கையில் இருந்த படியைக் கொஞ்ச காலம் கழித்து, யாரும் படிக்கிற மாதிரி கல்லூரியின் பொதுச் சேமிப்பில் போட்டுக்கொள்ளலாமாம். அதைக் கேள்விப்பட்ட அன்று ஓட்டமாக வந்தார். என் கம்ப்யூட்டரைத் துழாவினார், வீட்டில் துழாவினார், கல்லூரியில் துழாவினார். இல்லை. அச்சாகி வந்த சந்தோஷத்தில், பழசு எதற்கு, இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று இவரே அழித்திருக்கிறார். வீடு கூட்டுகிற மாதிரி கூட்டித் தள்ளியிருக்கிறார்.

அப்புறம் இவருக்கு ஒரு வினோதப் பழக்கம் பிடித்துக்கொண்டது. எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பின்பக்கம் படிப்பார். பஸ் டிக்கெட், பிஸ்கட் பொட்டலம், இருமல் மருந்து எல்லாம் படிப்பார். என் கடைக் காலண்டரில் ஒரு அருவி படம். அதன் ஓரத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தவர் பேரையே போடலைண்ணே" என்று வருத்தப்பட்டார். அருவியைப் பார்க்கவில்லை.

மில் இருக்கிற தெருவையும் விட்டுவிட்டார். அந்தத் தெரு வழியாகப் போனால் வீடு பக்கம். இவர் மார்க்கெட்டைச் சுற்றிப் போவார். சுற்றினாலும் விதி விடுமா? பஸ் நிறுத்தத்தில் ரம்பக்காரர் நிற்பார். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாது. "வழி விடுங்கப்பா! நம்ம காதையெல்லாம் வாங்கிட்டுப் போன டீச்சர் வர்றாங்க!" என்று அவர் கூப்பிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஜனங்கள் சிரிப்பார்கள். இவரும் சிரித்து, அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, "குடுத்துடறேங்கய்யா" என்பார். பஸ் வந்துவிடும்.

அன்றைக்கெல்லாம் கடைக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, எழுத்து வெளுக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருப்பார். கண்ணாடித் திரையில் விரல் ரேகை பதியும். நான் துடைப்பேன்.

கடைசியில் கல்லூரி நூலகர்தான் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். கட்டுரையில் சொன்ன விதம்தான் கம்பெனியுடையது. கண்டுபிடித்த விஷயம் யாருடைய சொத்தும் இல்லை. மில்லில் எடுத்த கணக்கு இவரிடம் இருக்கிறது. அதை வைத்துப் புதிதாக எழுதினால் யாரும் கேட்க முடியாது. ஆனால் பழைய வாக்கியங்கள் வரக்கூடாது. இங்கிலீஷில் இருந்ததை அப்படியே தமிழாக்கினாலும் அது பழைய கட்டுரைதான்.

"அவ்வளவுதானே? உக்காந்து எழுதுங்க" என்று என் கட்டிங் மேசையில் பாதியை ஒழித்துக் கொடுத்தேன். இந்த ஊரில் முனைவர் பட்டம் வாங்கின எவர் ஆய்வேட்டையும் எடுத்துப் பாருங்கள், என் கைபட்ட அட்டையாக இருக்கும். அத்தனை பேர் எழுதுவதையும் பார்த்தவன் நான். இப்படி எழுதினவரைப் பார்க்கவில்லை. நாலு வரி எழுதுவார். பேனாவைக் கடித்தபடி அதையே முறைப்பார். "ஐயோ, இது அதேதாண்ணே" என்று அடிப்பார். வேறு மாதிரி எழுதுவார். அதுவும் சுற்றி வளைத்துப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தன் வீட்டிலேயே திருட்டுப் பட்டம் வாங்கிவிடக் கூடாதே என்று பயந்த மாதிரி இருந்தது.

ஒரு வாக்கியம் மட்டும் அவரை விடவில்லை. அந்தப் பெரிய கட்டுரையில் மனசுக்கு ஒத்து வந்த வாக்கியம் அது ஒன்றுதானாம். மற்றதெல்லாம் கணக்கும் அட்டவணையும். ஒரு லீவு நாள் முழுக்க யோசித்து, மில் ஆட்களை நினைத்து எழுதினாராம். அது இல்லாமல் புதுசு சப்பென்று இருக்கிறது என்றார்.

"சொல்லுங்களேன், கேப்போம்."

"சொல்ல மாட்டேன். வாயில வந்துட்டா கையில வந்துரும்."

எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. சில சமயம் எழுதுவதை நிறுத்தி, கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார். அதைத்தான் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரியும். கல்யாணமாகித் தூரத்துக்குப் போன பெண்ணை நினைத்துக்கொண்டிருக்கிற தாய் மாதிரி ஒரு முகம். எனக்கும் இரண்டு பெண்கள். அந்த முகத்தை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள், சுற்று வழியை விட்டு, நேரே மில்லுக்கே போய்விட்டார். எனக்கும் பைண்டிங் மேசைக்குப் பலகை வாங்க மில்லுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. நானே கூடப் போனேன். சாப்பாட்டு வேளை. ரம்பம் நின்றிருந்தது. ஆட்கள் மரத்தூள் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். "கட்டுரை வந்துருச்சா?" என்று ரம்பக்காரர் கத்தினார்.

"வரலை. எழுதிட்டு இருக்கேன். ஒண்ணு கேக்கணும்." எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மொதல்ல எது கேக்காமப் போச்சு?"

அவருக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியதும் மற்றவர்களைப் பார்த்தார். யாரோ, "பொண்டாட்டி திட்டறது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அது நல்லாக் கேக்குதுடா" என்றார் ரம்பக்காரர். பிறகு கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "பேத்தி கதவுக்கு அந்தாண்ட நின்னு சிரிக்கும், தாத்தா கண்டுபிடிக்கட்டும்னு. கதவைத் தொறந்தாத்தான் அது சிரிச்சிட்டிருந்தது எனக்குத் தெரியும்."

டீச்சர் பேனாவை எடுத்தார், ஆனால் எழுதவில்லை.

"இது உங்க வார்த்தை. நான் போட்டுக்கலாமா?"

"என்னது?"

இன்னும் கிட்டே போய், வாயை நன்றாகத் திறந்து கேட்டார். "நீங்க சொன்னதை. அப்படியே. உங்க பேரோட. போட்டுக்கலாமா?"

"பேச்சுக்கெல்லாமா பர்மிஷன்!" என்று அவர் அசந்துபோனார். "எடுத்துக்கங்க டீச்சர். பேத்தி பேரையும் போடுங்க. சந்தோஷப்படும்."

அதற்கப்புறம் எழுத்து நிற்கவில்லை. ரம்பச் சத்தம் காதுக்குள்ளே என்ன செய்கிறது, எத்தனை வருஷத்தில் எது போகிறது, போனது திரும்புமா, இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது, காது மூடி எப்படிப்பட்டது, அதை முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்று சின்னப் புத்தகமாக முடித்தார். படங்களைப் புதிதாக வரைந்தார். தட்டச்சு, பக்க அமைப்பு எல்லாம் என் கடையில். திரும்பாது என்று எழுத வேண்டிய பக்கத்தை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டார்.

பின்னட்டை உள்பக்கத்துக்கு வந்தபோது எங்களுக்குள் தகராறு. இவர் எழுதிக் கொடுத்த வரி இது: இதை யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், மாற்றி எழுதலாம், விற்கலாம், எழுதியவர் பெயரை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

"விக்கலாமா? நான் வித்தா உங்களுக்கு எவ்வளவு?"

"ஒண்ணும் இல்லை."

"அடப்பாவமே. விக்கக் கூடாதுன்னு போடுங்க டீச்சரம்மா. எவனாவது இதுல சம்பாதிச்சுட்டுப் போவான்."

"நூலகர்கூட அப்படித்தான் சொன்னாரு, அந்த மாதிரியும் லைசென்ஸ் இருக்குதாம். ஆனா அடுத்த ஊர்லயும் மில் இருக்குண்ணே. அங்க ஒரு கடைக்காரர் இருப்பாரு. நாலு காசு கிடைக்கும்னாதானே அவரு அடிச்சு வெப்பாரு? நான் எத்தனை ஊருக்குத் தூக்கிட்டுப் போக முடியும்?" கொஞ்சம் நிறுத்தி, "ஒருதடவை பூட்டினது போதும். இதுக்கு எந்தப் பக்கமும் கதவு வேண்டாம்" என்றார்.

வியாபாரம் தெரிந்தவன் என்று ஊரில் பெயர் வாங்கினவன் நான். ஆனாலும் அந்த வரியை அப்படியே வைத்துப் புத்தகத்தை அச்சு அடித்தேன். பேப்பர், மை, பின் செலவோடு என் கூலியும் சேர்த்து ஒரு விலை வைத்தேன். இவர் ஆட்சேபிக்கவில்லை. மில் ஆட்களுக்கு மட்டும் தன் செலவில் ஒரு கட்டு தனியாகப் பின் அடித்துக் கட்டிவைத்தார். கட்டி முடித்தும் மேலே இருந்த படியின் அட்டையை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கும் போய் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தார். எழுத்து அதே இடத்தில் வெளுத்தது. பக்கத்தை மூடினார்.

மில்லுக்கு இவர் கொண்டுபோவதற்குள் சேதி போய்விட்டது. சம்பள நாள் சாயங்காலம் ரம்பக்காரரே கடை வாசலில் வந்து நின்றார். தலைமுடியிலும் புருவத்திலும் தூள். நான் உள்ளே கட்டிங் மிஷினில் இருந்தேன். கல்லாவை ஒட்டி டீச்சர் நின்றிருந்தார்.

"நம்ம புத்தகம் வந்துருச்சாமே!"

டீச்சர் கட்டைப் பிரித்தார். மேலே இருந்ததை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, "என் பேரு எங்க?" என்றார். இவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கதவு, பேத்தி, சிரிப்பு. கீழே அவர் பெயர். அவர் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். சத்தம் போட்டுத்தான் படித்தார். அவருக்கு அது முணுமுணுப்பு. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இந்தக் கட்டு முழுக்க உங்க ஆளுங்களுக்குத்தான். எடுத்துட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

"எவ்வளவு ஆச்சு?"

"காசா? நான்தாங்கய்யா உங்களுக்குக் கடன்பட்டவ."

"என்னது?"

முகத்துக்கு நேரே போய்த் திரும்பச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் ஆவாது. சும்மா வந்ததுன்னா முதலாளி நோட்டீசுன்னு சுருட்டிப் போட்டுருவாரு. நாங்க காசு போட்டு வாங்கினதுன்னு அவரு மேசை மேல வெக்கணும். ஷெட்டுல எல்லார்கிட்டயும் வசூல் பண்ணிட்டு வந்திருக்கேன். வெலையைச் சொல்லுங்க."

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். "விக்கலாம்னு நீங்கதானே எழுதி வெச்சீங்க?" என்றேன் உள்ளே இருந்தபடியே. விலையையும் நானே சொன்னேன்.

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். "கையை நீட்டுங்க" என்றார். கல்லா பக்கத்தில்தான் இருந்தது; டீச்சர் அதைப் பார்க்கவில்லை. வலது கையை நீட்டினார். ரம்பக்காரர் கசங்கின நோட்டை ஒவ்வொன்றாக நீவி, தூளை ஊதி, உரக்க எண்ணி எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார். நோட்டு முடிந்து சில்லறையும் முடிந்தது. டீச்சர் கையை மூடவே இல்லை.